பன்னீரும் மல்லிகை அத்தரும்



தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறையக் கல்யாணத்துக்குப் புறப்படுகிறோம். ஒருவர் தாராளமாகப் பூசிய அத்தர் மற்றவர்களுக்குத் தலைவலியைக் கொடுக்கிறது. கைக்குழந்தை வாந்தி எடுக்கிறது. குற்றம் அத்தருடையதா? இல்லை. எதை, எப்போது, எவ்வளவு பூசுவது என்று அறியாததே குற்றம். நாம் பழகிய இரண்டு மலர் வாசனைகளை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ரோஜா இதழ்களைத் தண்ணீரில் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்து எடுப்பது பன்னீர். அதில் பெரும்பகுதி தண்ணீரே. ரோஜா எண்ணெய் மிகச் சிறிதளவுதான். ஆகவே மணம் மென்மையாக எழுந்து விரைவில் மறையும்.

மல்லிகை அத்தரோ எண்ணெய். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரம் அத்தருக்குப் பேர்போனது. அங்கே செப்புப் பானையில் பூவையும் நீரையும் காய்ச்சுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெய் உள்ள பாத்திரத்தில் இறங்கும். மணத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் சீக்கிரம் உலராது. ஒரு துளி பல மணி நேரம் மணக்கும். சந்தனத்தின் விலை ஏறியதால், பாரபின் எண்ணெயில் செய்வதும் உண்டு.

கல்யாண வாசலில் தெளிப்பதால் பன்னீரை விசேஷத்துக்கே உரியதென்று நினைக்கிறோம். குணத்தைப் பார்த்தால் அன்றாடத்துக்கு ஏற்றது அதுவே. வேலைக்கோ மருந்தகத்துக்கோ செல்லும்போது கைக்குட்டையில் நாலு சொட்டு போதும். பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லையில்லை.

அத்தரைக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் ஒரு தொடுகை, காதின் பின்னே ஒரு தொடுகை. பட்டுச் சேலையில் படவேண்டாம். எண்ணெய்க் கறை எளிதில் போகாது. கொண்டையில் மல்லிகைச் சரம் வைத்திருப்பவருக்கு அத்தர் எதற்கு?

ஒன்றை மறக்கவேண்டாம். பூசியவரின் மூக்கு சற்று நேரத்தில் அந்த மணத்துக்குப் பழகிவிடும். வாசனை போய்விட்டது என்று எண்ணி அவர் மேலும் பூசுவார். மற்றவர்களின் அவதி அங்கேதான் தொடங்குகிறது.

புதிய அத்தரை முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ விட்டுவிடுங்கள். கைக்குழந்தைக்குப் பூசவே வேண்டாம். வியர்வை நாற்றத்தை எந்த வாசனையும் போக்காது. குளித்து, துவைத்த துணி உடுத்திய பிறகே பூசவேண்டும்.

அருகில் வந்தவர் முகம் மலரவேண்டும், சுளிக்கக்கூடாது. அதுவே நல்ல வாசனைக்கு அளவு.