இரண்டாம் காவல்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் இருப்பதாகக் கற்பனை செய்து கொள்வோம். அதனுள்ளே இருக்கும் ஆலைக்கு முன்பு இரண்டு சாலைகள் இருந்தன. ஒன்று தோட்டத்தின் தலைவாசல் வழியாகவும், மற்றொன்று ஆற்றோரமாகவும் வந்தது. அதனால், தலைவாசலில் மட்டுமின்றி ஆலை வாசலிலும் ஒரு காவலர் நின்று அனுமதி அட்டையைக் கேட்டார். பின்னர், ஆற்றோரச் சாலை மூடப்பட்டது. இப்போது தலைவாசலில் அட்டையைக் காட்டியவர் மட்டுமே ஆலையை அடைய முடியும். ஆயினும், ஆலை வாசலில் அதே கேள்வி தொடர்கிறது. இந்த இரண்டாம் காவல் தேவைதானா?

கணினி நிரலிலும் இத்தகைய காவல்கள் உண்டு. பிரான்சு நாட்டு நிரலாளர் ஃபப்ரீஸ் பெல்லார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கியூஎமு’ ஓர் எமுலேட்டர். அதாவது, ஒரு கணினிக்குள் வேறொரு கணினியைப் போல் நடந்துகொள்ளும் மென்பொருள். இது இரண்டு முறைகளில் இயங்கும். ஒன்று, முழுக் கணினியையும் போலச் செய்தல். மற்றொன்று, வேறு வகைச் செயலிக்காக உருவாக்கப்பட்ட ஒரு நிரலை மட்டும் இயக்குதல். இவ்விரண்டும் ஒரே மூல நிரலிலிருந்து உருவாகின்றன. எனவே, “முழுக் கணினி முறையாயின் இவ்வரிகளைச் சேர், இல்லையேல் விட்டுவிடு” என்னும் நிபந்தனை சில வரிகளுக்குக் காவலாக இடப்படுகிறது. நிரல் இயங்கும்போது அன்று, அதைத் தொகுக்கும்போதே இந்நிபந்தனை சரிபார்க்கப்படும்.

ஒரு கோப்பு முழுக் கணினி முறைக்கு மட்டுமே தொகுக்கப்படும் என்று பட்டியலில் குறிக்கப்பட்டுவிட்டால், அப்பட்டியலே தலைவாசல். கோப்பினுள் இருக்கும் அதே நிபந்தனைக்கு எப்போதும் ‘ஆம்’ என்பதே விடை. இதனால் தீங்கில்லை என்று தோன்றலாம். ஆனால், புதிதாகப் படிப்பவர், “இக்கோப்பு மற்ற முறைக்கும் பயன்படுகிறதோ?” என்று குழம்புவார். இல்லாத சாலையைத் தேடி அவருடைய நேரம் வீணாகும்.

அதற்காக, கண்ட காவலையெல்லாம் நீக்கிவிடக் கூடாது. சில கோப்புகளைப் பிற கோப்புகளும் தம்முள் சேர்த்துக்கொள்ளும். அங்கே ஆற்றோரச் சாலை இன்னும் திறந்தே இருக்கிறது. அந்தக் காவலை எடுத்துவிட்டால், மற்ற முறைக்குத் தொகுக்கும்போது பிழை ஏற்படும். ஆகவே, நிரலாளர் முதலில் அக்கோப்பு எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடுகிறார். பிறகு காவலை நீக்கி, இரண்டு முறைகளிலும் தொகுத்துச் சோதிக்கிறார். நீக்கியதற்கான காரணத்தையும் எழுதி வைக்கிறார்.

ஒரு காவல் ஏன் வைக்கப்பட்டது என்பதை அறிந்த பின்னரே, அது இனித் தேவையில்லை என்று நாம் துணிந்து சொல்ல முடியும்.