எந்த ஊர் இகுவானா?

இகுவானாவைக் கடைக்காரர் 'ரெட்', 'ப்ளூ' என்று நிறம் சொல்லி விற்பார். அது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்ல மாட்டார். மெக்சிகோ முதல் பிரேசில் வரை மரத்தில் வாழ்ந்து இலை தின்னும், பச்சை இகுவானா என்கிற இந்தப் பெரிய பல்லியில் ஊருக்கு ஊர் சாயல் மாறும். மத்திய அமெரிக்க இகுவானாவின் மூக்கில் சின்னக் கொம்புபோல் செதில்கள் நிற்கும். தென் அமெரிக்க வகைக்குப் பெரும்பாலும் இருக்காது. கரீபியன் கடலின் சாபா, மான்செராட் தீவுகளின் இகுவானாவுக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கறுப்புத் திட்டு உண்டு. 2020இல் அதைத் தனி இனமென்றே அறிவித்தார்கள்.

இரண்டு ஊரைக் கலந்து குஞ்சு எடுத்தால் என்ன? குஞ்சு நன்றாகத்தான் இருக்கும். வம்பு, அது கூண்டை விட்டுத் தப்பினால்தான். அதே கரீபியன் கடலின் குவாதலூப் தீவில் வெளியிலிருந்து வந்த பச்சை இகுவானா உள்ளூர் இனத்தோடு கூடிக் கூடி, அசல் உள்ளூர் இனம் அற்றுப்போகும் நிலை. அங்கே ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது காதுக்குக் கீழே உள்ள பெரிய வட்டச் செதிலைத்தான். பச்சை இகுவானாவுக்கு அது உண்டு, உள்ளூர் இனத்துக்குக் கிடையாது. கலப்புக்கு இரண்டுங்கெட்டானாக இருக்கும்.

நம் சென்னை அம்பத்தூர் மாடியில் அந்த ஆபத்து இல்லை. கூடிக் கலக்க இங்கே காட்டு இகுவானா ஏது? என்னைக் கேட்டால், ஊர் கலப்பதைவிட ஒரே ஈட்டு அண்ணன் தங்கையை ஜோடி சேர்ப்பதுதான் பெரிய தப்பு. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினால் நடப்பது அதுதான். தாய் தகப்பன் படத்தையும் வந்த வழியையும் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள். கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

மற்றபடி அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வெயில் இகுவானாவுக்குத் தோது. கண்ணாடி வழியே வரும் வெயில் உதவாது, நேர் வெயில் படவேண்டும். ஒதுங்க நிழலும் வேண்டும். செம்பருத்தி இலையும் பூவும் விரும்பித் தின்னும். முட்டைக்கு மட்டும் மே மாத மாடி ஆகாது: 29 முதல் 31 டிகிரிச் சூட்டில், ஈரம் காயாமல், ஏறக்குறைய மூன்று மாதம் வைக்கவேண்டும். கோழி முட்டையைப் போலத் திருப்பிவிடக் கூடாது, உள்ளே கரு ஓட்டோடு ஒட்டியிருக்கும். எடுக்கும்போதே மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

இகுவானா 1977 முதல், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இந்தியாவில் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இப்படிப் பட்டியலில் உள்ளதை வளர்ப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்கவேண்டும். அதற்கும் அந்த நோட்டு கைகொடுக்கும்.