நிழலும் ஒரு முதல்தான்

வெயில் படாத வளவை நம்மில் பலர் வீண் காணி என்றே கணக்கிடுகிறோம். அக்குறணையிலுள்ள எனது வீட்டின் பின்புறமும் அப்படித்தான் கிடந்தது. பலா மரத்தின் கீழ் மிளகாயும் வரவில்லை, கத்தரியும் வரவில்லை. இன்று அங்கே பன்னச் செடிகள் சாடிகளில் வரிசையாக நிற்கின்றன. துணிக்கடை வருமானத்தோடு இதுவும் சேர்கிறது, அல்ஹம்துலில்லாஹ். எனினும் இலாபத்துக்கு முன் எனக்கு ஒரு நஷ்டம் வந்தது. சக வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் சில பெரிய பொஸ்டன் பன்னங்களைப் பிரித்து நட்டு, வேர் பிடிக்கும் முன்னரே நாற்பது சாடிகளை விற்றுவிட்டேன். மேலே இலை பசுமை; அடியில் வேர் இல்லை. பாதிக்கு மேல் வாடித் திரும்பி வந்தன. காசைத் திருப்பிக் கொடுத்தேன். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. எனது சாடிகளும் அந்தக் குவியல் போன்றவைதான் என்பது அன்று உறைத்தது.

இப்போது பிரித்த செடியைக் குறைந்தது இரண்டு மாதங்கள் வைத்திருந்து, புதுக் குருத்து வந்த பின்னரே விற்கிறேன். தும்புத்தூள், மக்கிய இலை, மணல், சிறிது கரித்துண்டு ஆகியவையே கலவை. ஈரம் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. பசளையைப் பாதி அளவாகக் கரைத்தே ஊற்ற வேண்டும். பறவைக்கூட்டுப் பன்னத்தின் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். இலையின் அடியிலுள்ள பழுப்பு நிற வித்திகளிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் விற்பனைக்கு வர ஒரு வருடத்துக்கு மேலாகும். அவசரக்காரருக்கு அது சரிவராது.

"நேர் வெயிலில் வைக்காதீர்கள்" என்று வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுச் சிலர் வாங்காமல் போவதுண்டு. வாங்கியவர்களோ மீண்டும் வருகிறார்கள்.

இன்னொன்று: மலிவு என்பதற்காகக் காட்டில் பிடுங்கிய செடியை வாங்காதீர்கள். சயாத்தியா இன மரப்பன்னங்களின் சர்வதேச வர்த்தகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. இலங்கை 1979இல் அதில் இணைந்தது. ஹலாலான வியாபாரத்துக்குப் பொருள் வந்த வழியும் சுத்தமாக இருக்க வேண்டும்.

உங்கள் வளவிலும் நிழல் இருந்தால் பத்துச் சாடிகளுடன் தொடங்குங்கள். முதல் குறைவுதான், பொறுமைதான் அதிகம் வேண்டும்.