பச்சரிசித் தவிடு காறுவதும் நீராவியின் குணமும்

மாட்டுத் தொட்டிக்கே உரியதென்று கருதப்பட்டு வந்த தவிட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய், இக்காலத்தில் சென்னை அசோக் நகர் போன்ற பட்டணப் பகுதிகளில் சமையலுக்கு விற்பனையாகிறது. ஆகையால் தவிட்டைக் கெடாமல் காக்கும் முறையை நெல் அரைத்து விற்கும் பண்ணைக்காரர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பச்சை நெல்லை அரைத்த தவிடு சில தினங்களுக்குள் காறல் வாடை அடிக்கிறது. புழுங்கல் நெல்லின் தவிடு அவ்வளவு விரைவில் காறுவதில்லை. உமி கலவாத நல்ல தவிட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 பங்கு எண்ணெய் உண்டு. (ஹல்லர் மில் தவிட்டில் உமி கலப்பதால் இது குறையும்.) லைபேஸ் என்னும் நொதியும் அத்தவிட்டிலேயே உண்டு. முழு நெல்லில் இவ்விரண்டும் வெவ்வேறு படலங்களில் அடங்கிக் கிடக்கின்றன. அரிசியைத் தீட்டும்போது படலங்கள் சிதைந்து இரண்டும் கலக்கின்றன. அந்நேரம் முதற்கொண்டு லைபேஸ் எண்ணெயைப் பிளந்து கொழுப்பமிலமாக்கத் தொடங்குகிறது. சாக்கில் கட்டி லாரிக்காகக் காத்திருக்கும் தவிடு நாளுக்கு நாள் விலை இழக்கிறது. அமிலம் மிகுந்த எண்ணெய் சோப்புக்குப் போகுமேயன்றி உணவுக்கு ஏற்றதன்று.

உஷ்ணம் இதைத் தடுப்பது எங்ஙனம்? நொதி ஒரு வகைப் புரதம். அதன் மூலக்கூறு, அமினோ அமிலங்கள் மணிமாலைபோற் கோத்த நீண்ட சங்கிலி. அது குறித்த விதமாக மடிந்து சுருண்டிருந்தால்தான் வேலை செய்யும். இத்தகைய சங்கிலிகள் எவ்வாறு மடியக்கூடும், எவ்வாறு மடிய இயலாது என்பதை வரைபடமாக வகுத்து 1963-ல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். ராமச்சந்திரனும், அவருடன் உழைத்த ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருமே. அப்பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் அசோக் நகருக்கு வெகு தூரத்தில் இல்லை.

மடிப்பைப் பிடித்து நிறுத்துபவை பெரும்பாலும் மெல்லிய பிணைப்புகளே. உஷ்ணம் ஏறுங்கால் சங்கிலி அதிர்ந்து அவை விடுபடுகின்றன. மடிப்பு அவிழ்ந்து, எண்ணெயைப் பற்றும் இடம் உருவழிகிறது. மாலை அறுவதில்லை, மணிகள் அப்படியே இருக்கும். ஆயினும் அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால், ஆறிய பின்னும் பழைய வடிவம் மீளுவது அரிது. வெந்த முட்டையின் வெண்கரு மறுபடி நீராகாததும் இதனாலேயே.

தவிட்டை ஈரமின்றி வறுத்தால் போதாதோ எனச் சிலர் கேட்கலாம். உலர்ந்த நிலையில் நொதி உஷ்ணத்தை வெகுவாகத் தாங்கும். அரைகுறையாய் வறுத்த தவிட்டில் பின்னர் ஈரம் பட்டால் மீண்டும் வேலை செய்யக்கூடும். நீராவியே உறுதியான வழி. நெல்லைப் புழுக்கும்போது இதுவே நடைபெறுகிறது. எனினும் காற்றுப் பட்டும் எண்ணெய் காறுமாதலால், புழுங்கல் தவிட்டையும் நெடுநாள் கிடப்பிற் போடலாகாது.

பச்சை நெல் அரைப்போர் தவிட்டை அன்றைக்கே நீராவி காட்டி, நன்குலர்த்திச் சாக்கிலிடுக. அவ்வசதியில்லாத மில்லினர் அரைத்த நாளிலேயே எண்ணெய் ஆலைக்கு அனுப்பிவிடுவது நலம்.