பிரான்ஸில் உரிமம்... புதுச்சேரியில் சிறை!

புதுச்சேரியில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஏராளம். அவர்கள் பிரான்ஸ் போய் வேட்டை உரிமமும், ஒருநாள் வில் பயிற்சிச் சான்றும் வாங்கிவிட்டால் வில்லெடுத்து மான் வேட்டைக்குக் கிளம்பலாம். 1995 முதல் அங்கே இதற்கு அனுமதி உண்டு.

பரண்மேல் ஏறிக்கொண்டால் பாதி வேலை சுலபம். மனித வாடை பெரும்பாலும் மானுக்கு மேலாகவே போய்விடும். தரையில் நின்றால்தான் திண்டாட்டம். காற்று மானிருக்கும் பக்கத்திலிருந்து வீச வேண்டும். சுமார் 20 மீட்டருக்குள் நெருங்க வேண்டும். ஒரு சருகு நொறுங்கினாலும் போச்சு! நாணை இழுக்கும் கையசைவே காட்டிக்கொடுத்துவிடும்.

நம்மூர் வில்லாளி என்றால் வல்வில் ஓரிதான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தினான் என்கிறது புறநானூறு. அவன் ஆண்ட கொல்லிமலையானாலும் சரி, புதுச்சேரியானாலும் சரி, இன்று மான்மீது அம்பு தொடுத்தால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.