யானை கடக்கட்டும், ரயில் நிற்கட்டும்

மதுக்கரையிலிருந்து எட்டிமடை வழியாக வாளையாறு போகும் ரயில் பாதை காட்டை ஒட்டியே ஓடுகிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் வனத்துறை இந்தப் பாதையோரம் 12 கோபுரங்களில் 24 கேமராக்களைப் பொருத்தியது. தண்டவாளத்தை யானை நெருங்குவதைச் செயற்கை நுண்ணறிவு கண்டறிந்ததும் ரயில்வேக்கும் வன ஊழியர்களுக்கும் எச்சரிக்கை போகும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு கோடிங் கற்றுத்தர இதையே பாடமாக்கலாம். யானை பத்திரமாகக் கடக்க வேண்டும், ரயிலும் வீணாக நிற்கக் கூடாது: இந்தச் சவாலை அவர்களே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்யட்டும். அதற்கு ஸ்கிராட்ச் போதும். எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. வரிவரியாகத் தட்டச்சு செய்ய வேண்டாம். கட்டளைகள் எழுதிய வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் திரையில் உருவங்கள் நகரும்.

“யானை கிட்ட வந்தா ரயில் நிக்கோணும்” என்று எட்டு வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும். கிட்ட என்றால் எவ்வளவு? கம்ப்யூட்டர் எண் கேட்கும். ஸ்கிராட்ச் திரையின் அகலம் 480 புள்ளிகள். தூரம் 40-க்குக் கீழே வந்தால் வேகத்தைக் குறை என்று வைத்தால், ரயில் நிற்பதற்குள் மோதிவிடலாம். 300 என்று வைத்தால், யானை மரத்தடியில் சும்மா நின்றாலும் ரயில் நகராது. சரியான எண்ணைத் தேடும்போதே நிபந்தனை என்றால் என்ன, மாறி என்றால் என்ன என்பது பிள்ளைக்குப் பிடிபடுகிறது. இங்கே மாறி என்பது ரயிலின் வேகம். அது கணத்துக்குக் கணம் மாறும்.

அடுத்து வருவது அனேகமாக எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். நிபந்தனை சரியாகவே இருக்கும். ரயில் மட்டும் நிற்காது. காரணம், விளையாட்டைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்தியதும் கம்ப்யூட்டர் தூரத்தை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வேலை முடிந்ததென்று விட்டுவிடும். அந்த நிபந்தனையை ‘எப்போதும்’ என்ற சுழற்சிக் கட்டைக்குள் போட்டால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும். இதை உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை சற்றே திணறட்டும்.

விளையாட்டு ஓடத் தொடங்கியதும் ஒரு கட்டையை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, ஏன் ரயில் நிற்கவில்லை என்று நண்பனைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். எந்தக் கட்டை என்ன செய்கிறது என்று தெரியாமல் இப்படிப் புதிர் போட முடியாது. இன்னொரு சவால்: தாய் யானை கடந்துவிட்டது, குட்டி பின்னால் வருகிறது. இப்போது ரயில் எப்போது கிளம்பலாம்?

பிள்ளைகளே விளையாட்டை வடிவமைக்கும் இந்த முறை நெடுநாள் சோதித்துப் பார்க்கப்பட்டது. பாஸ்டன் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள், தங்களைவிடச் சிறியவர்களுக்குப் பின்னங்களைக் கற்பிக்கும் விளையாட்டுகளை லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் செய்தார்கள். ஆய்வாளர் யாஸ்மின் கஃபாய் 1995-ல் வெளியிட்ட புத்தகம் அதை விரிவாகச் சொல்கிறது.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் விதிகளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் யானை, ஒருவர் ரயில், மூன்றாமவர் எழுதியதை உரக்கப் படிப்பவர். தாளில் இல்லாத எதையும் ரயில் செய்யக் கூடாது. மோதினால், தாளில் எந்த வரியைத் திருத்துவது என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.