மின்னல் வேகத் தபால் விமானம்

பறந்து செல்லும் விமானத்தைக் காற்று எதிர்க்கிறது. இவ்வெதிர்ப்பு வேகத்தின் இரண்டாம் படிக்கேற்பப் பெருகும். அதனை வெல்வதற்கு வேண்டிய திறனோ மூன்றாம் படிக்கேற்பப் பெருகும். ஆகவே வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமாயின், ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் தேவை. ஆனால் எஞ்சினைப் பெரிதாக்குவது ஒன்றே வழியன்று. காற்றின் எதிர்ப்பைக் குறைப்பது மற்றொரு வழியாகும். இவ்வுண்மைக்கு ஜெர்மனியின் ‘ஹைன்கெல் 70’ விமானம் தக்க சான்றாகும்.

1932-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சுவிஸ் ஏர் நிறுவனம், ஜூரிச்–மியூனிக்–வியன்னா வழியில் அமெரிக்காவின் ‘லாக்ஹீட் ஓரியான்’ விமானங்களை ஈடுபடுத்தியது. அவற்றின் வேகம் ஜெர்மனியின் லுஃப்ட் ஹான்சா நிறுவனத்திற்கு ஓர் அறைகூவலாயிற்று. அந்நிறுவனத்தின் தேவைக்கிணங்க, ஹைன்கெல் தொழிற்சாலையில் சீக்ஃபிரீட் குந்தர், வால்டர் குந்தர் என்னும் சகோதரர்கள் புதிய விமானத்தை வடிவமைத்தனர். அது 1932 டிசம்பர் 1 அன்று முதன்முதலாகப் பறந்தது.

அதன் மரச் சிறகுகள் நீள்வட்ட வடிவின. உலோக உடலில் ஆணித் தலைகள் வெளியே புடைத்து நில்லாதவாறு தகட்டோடு சமமாக அறையப்பட்டன. பறக்கும்போது சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. எஞ்சினைக் குளிர்விக்க, வெறும் தண்ணீருக்குப் பதிலாக எதிலீன் கிளைக்கால் பயன்பட்டது. இத்திரவம் தண்ணீரைவிட உயர்ந்த வெப்பநிலையில் கொதிப்பதால், எஞ்சினை மிகுந்த வெப்பத்தில் இயக்க முடிந்தது. வெப்பம் மிகுந்த திரவம் காற்றுக்கு விரைவாக வெப்பத்தை இழக்குமாதலால், சிறிய குளிர்விப்பானே போதுமானதாயிற்று. இதனால் காற்றெதிர்ப்பும் குறைந்தது.

1933-இல் இவ்விமானம் எட்டு உலக வேகச் சாதனைகளை நிகழ்த்தியது. மணிக்கு 377 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டியது. 1934-இல் பெர்லின், ஹாம்பர்க், கொலோன், பிராங்பர்ட் நகரங்களை இணைக்கும் ‘பிளிட்ஸ்’, அதாவது மின்னல், சேவைகள் தொடங்கின.

எனினும் வேகத்திற்கு ஒரு விலை இருந்தது. ஒடுங்கிய உடலில் நான்கு பிரயாணிகளே, இருவர் இருவராக எதிரெதிரே, அமர முடிந்தது. அவர்களுக்காகப் பெரியதோர் எஞ்சினும், விமானி, வானொலி இயக்குநர் ஆகிய இருவரும் வேண்டியிருந்தனர். ஆகவே ஒவ்வொரு பிரயாணிக்கும் ஆகும் செலவு மிகுதியாயிற்று. 1937-ஆம் ஆண்டளவில் லுஃப்ட் ஹான்சா இவ்விமானங்களைச் சேவையிலிருந்து விலக்கிக்கொண்டது.

கடிதங்களை விரைந்து சேர்ப்பிக்கப் பிறந்த இவ்வடிவம் போருக்கும் பயன்படுத்தப்பட்டது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் இதன் இராணுவ வகை வேவு பார்க்கப் பறந்தது. குந்தர் சகோதரர்கள் இதே வடிவமைப்புக் கருத்துக்களை ‘ஹைன்கெல் 111’ குண்டுவீச்சு விமானத்திலும் கையாண்டனர். காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் கலை தபாலுக்கும் உதவும், குண்டுக்கும் உதவும். அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பது மனிதர் செய்யும் முடிவேயாகும்.